ஒரு பவுண்டு தானியமும் என் ஃபோன் ஆப்பும்: உடம்புக்கு எவ்வளவு போதும்?

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியக்காலையில் நானும் என் மாமா பையனும் கீழக்குயில்குடி போயிருந்தோம். மதுரைக்காரங்களுக்கு இடம் சொல்ல வேண்டாம். மத்தவங்களுக்காக: மதுரைக்கு மேற்கே, நாகமலைப் புதுக்கோட்டை பக்கம் திரும்பினா வர்ற ஊர். பெரிய ஆலமரம், தாமரைக் குளம், அய்யனார் கோயில், அதுக்குப் பின்னாடி ஒரே பாறையா நிக்கிற சமணர் மலை. பாறையில் வெட்டின படியில் ஏறினா பேச்சிப்பள்ளம். அங்கே தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையா இருக்கு, அதுக்குக் கீழே வட்டெழுத்து. ஆயிரம் வருஷத்துக்கு மேலான விஷயம்.

மேலே போய் உட்கார்ந்ததும் நான் செஞ்ச முதல் வேலை, வாட்சைப் பார்த்தது. 190 கலோரி. மாமா பையன் எட்டிப் பார்த்துட்டு, "அண்ணே, கீழே போய் மூணு இட்லி சாப்பிட்டா கணக்கு நேராயிடும்"னான். சட்னியை அவன் கணக்கில் சேர்க்கலை.

யோசிச்சுப் பாருங்க. இந்த மலையில் தங்கின சமணத் துறவிகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் சாப்பாடு. அதுவும் பொழுது சாயறதுக்குள்ள, அடுத்தவங்க கொடுக்கிறதை வாங்கி. ‘எவ்வளவு போதும்’ என்பது அவங்களுக்கு நோன்பு சம்பந்தப்பட்ட கேள்வி. எனக்கு அது ஆப் சொல்ற ஒரு எண். 1,660.

என் நிலவரத்தைச் சொல்லிடறேன். வயசு 28, உயரம் 170 சென்டிமீட்டர், எடை 78 கிலோ. நாள் முழுக்க நாற்காலி. தினமும் 1,660 கலோரிக்குள் சாப்பிட்டா வாரம் கிட்டத்தட்ட அரைக் கிலோ குறையும்னு ஆப் சொல்லுச்சு. ஆறு வாரம் ஒழுங்கா இருந்தேன். கிட்டத்தட்ட மூணு கிலோ குறையணும். ஒன்றரைதான் குறைஞ்சது. அப்பத்தா வேற, "என்னப்பா இது, பஞ்சத்துல அடிபட்டவன் மாதிரி அளந்து அளந்து திங்கிற"ன்னு கேட்டுட்டே இருந்தாங்க. அந்த வார்த்தைக்குப் பின்னாடி வருவோம்.

எதிர்பார்த்த அவுட்புட் வரலைன்னா டெவலப்பர் என்ன செய்வான்? கோடைத் திறந்து பார்ப்பான். இந்த 1,660 எங்கிருந்து வந்ததுன்னு தேட ஆரம்பிச்சேன். அந்தத் தேடல் பாஸ்டனுக்கும், நுங்கம்பாக்கத்துக்கும், கடைசியில் தாது வருஷப் பஞ்சத்துக்கும் கூட்டிட்டுப் போகும்னு அப்போ தெரியாது.

முதல்ல அடிப்படை. மெட்டபாலிசத்துக்கு நம்ம பாடப் புத்தகத்தில் ‘வளர்சிதை மாற்றம்’னு படிச்சிருப்பீங்க. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணின வார்த்தை, ஆனா நல்ல வார்த்தை. உடம்பு ஒரு பக்கம் கட்டுது, ஒரு பக்கம் உடைக்குது. ரெண்டும் அதுக்குள்ளயே இருக்கு. நீங்க ஒண்ணுமே செய்யாம, வெறும் வயித்தில், முழிச்சபடி அசையாமப் படுத்திருந்தாலும் இந்த வேலை நடந்துக்கிட்டே இருக்கும். அதுக்கு ஆகிற செலவுதான் அடிப்படை வளர்சிதை வீதம், சுருக்கமா பிஎம்ஆர். நம்மள மாதிரி உட்கார்ந்து வேலை பார்க்கிறவங்களுக்கு ஒரு நாள் செலவில் 60 முதல் 70 சதவீதம் இதுக்கே போயிடும். சாப்பிட்டதைச் செரிக்க இன்னொரு 10 சதவீதம். நடை, ஜிம், சமணர் மலை எல்லாம் மீதியில்தான்.

இந்தச் செலவை எந்த உறுப்பு செய்யுதுங்கறது இன்னும் சுவாரசியம். மூளை, ஈரல், இதயம், சிறுநீரகம் நாலும் சேர்ந்து உடம்பு எடையில் 5, 6 சதவீதம்தான். ஆனா ஓய்வுச் செலவில் பாதிக்கு மேல அதுங்க கணக்கு. ஒரு கிலோ தசை ஓய்வில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 13 கலோரி எரிக்கும். ஒரு கிலோ கொழுப்பு நாலரை. ஆக எடை ஒண்ணா இருந்தாலும், அந்த எடை எதனால் ஆனது என்பதைப் பொறுத்து செலவு மாறும். இதை மனசில் வச்சுக்கோங்க.

இப்போ பாஸ்டன். பிரான்சிஸ் பெனடிக்ட் என்பவர் 1907 முதல் 1937 வரை அங்கே கார்னகி ஊட்டச்சத்து ஆய்வகத்தின் தலைவர். மனுஷன் இழுக்கிற ஆக்சிஜனை அளந்தா அவன் எரிக்கிற கலோரியைச் சொல்லிடலாம். ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்குக் கிட்டத்தட்ட 4.8 கலோரி. அதை வச்சு கிடைச்சவங்களை எல்லாம் அளந்தார். யானையைக்கூட விடலை, 1936இல் யானையின் உடலியல் பற்றித் தனிப் புத்தகமே போட்டார்.

சமணர் மலையில் உட்கார்ந்து யோசிச்சதுக்கு நேர்ப் பொருத்தமான ஆய்வு ஒண்ணும் அவர்கிட்ட இருக்கு. 1912இல் அகொஸ்டினோ லெவன்சின் என்கிற மால்டா நாட்டுக்காரர் அவருடைய ஆய்வகத்தில் 31 நாள் பட்டினி இருந்தார். தண்ணி மட்டும்தான். ராத்திரி அளவைப் பெட்டிக்குள்ளயே தூக்கம். எடை சுமார் 13 கிலோ இறங்குச்சு. கூடவே, ஓய்வில் அவர் உடம்பு எரிக்கிற அளவும் நல்லா இறங்குச்சு. வரவு நின்னதும் உடம்பு செலவைச் சுருக்கிக்குது. டயட் இருந்து பார்த்தவங்க எல்லாரும் முட்டிக்கிற சுவரை நூறு வருஷம் முன்னாடியே எண்ணா எழுதி வச்சிருக்காங்க.

1919இல் பெனடிக்ட்டும் ஆர்தர் ஹாரிஸும் சேர்ந்து ஒரு சமன்பாடு வெளியிட்டாங்க. எடை, உயரம், வயசு, பாலினம் கொடுத்தா பிஎம்ஆர் வரும். அளந்தது 136 ஆண்கள், 103 பெண்கள், கொஞ்சம் பச்சைக் குழந்தைகள். எல்லாம் அமெரிக்கா. என் ஆப்பின் செட்டிங்ஸில் இன்னைக்கும் அந்தப் பேர்தான் இருக்கு. என் எண்களைப் போட்டேன்: 1,800. உட்கார்ந்த வேலைக்கு 1.2ஆல் பெருக்கினா 2,160. வாரம் அரைக் கிலோ குறைய 500 கழிச்சா 1,660. அவ்வளவுதான் மேஜிக். நாலு வரி கோடு, உள்ளே 1919ஆம் வருஷத்து அமெரிக்க உடம்புகள்.

சரி, நம்ம ஊர் உடம்பை யாராவது அளந்தாங்களா? அளந்திருக்காங்க. சென்னையில், நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில் இருக்கிற விமன்ஸ் கிறிஸ்டியன் காலேஜில். அங்கே பேராசிரியரா இருந்த எலினார் மேசன், பெனடிக்ட்டோட சேர்ந்து தென்னிந்தியப் பெண்களின் பிஎம்ஆரை அளந்தாங்க. 1931இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வந்தது. அந்தக் காட்சியைக் கற்பனை பண்ணிப் பாருங்க. ராத்திரி சாப்பிட்டதுக்கு அப்புறம் ஒண்ணும் சாப்பிடாம, காபிகூட இல்லாம, காலையில் வந்து ஒரு பெண் படுத்திருக்கணும். மூக்கில் கிளிப், வாயில் குழாய். அசையக் கூடாது. ஒண்ணும் செய்யாம இருக்கிறதை இவ்வளவு கவனமா அளக்கணும்.

முடிவு: பாஸ்டன் சமன்பாடு சொல்றதைவிட சுமார் 17 சதவீதம் குறைவு. தூங்கும்போது அதுக்கும் கீழே இன்னொரு 10 சதவீதம்னு 1934இல் இன்னொரு கட்டுரை. கிருஷ்ணன், வரீத் இருவரும் 1932இல் சென்னைக் கல்லூரி மாணவர்களை அளந்தாங்க. அங்கேயும் அமெரிக்க அளவைவிடக் கீழேதான். ஆனா பெனடிக்ட் குழு மெக்சிகோவின் யுகத்தானில் மாயா மக்களை அளந்தப்போ சமன்பாட்டைவிடக் கூடுதலா வந்தது. ரெண்டும் வெயில் ஊர்தான். அப்போ வெயிலை மட்டும் காரணம் சொல்லி முடிக்க முடியலை. சாப்பாடா, இனமா, இந்தியப் பெண்கள் நிஜமாவே நல்லா ஓய்வெடுக்கிறாங்களான்னு வாதம் ரொம்ப நாள் போச்சு.

இங்கே கொஞ்சம் நிறுத்தறேன். ‘இந்தியன் உடம்பு கம்மியா எரிக்குது’ என்கிற வாக்கியத்தை ரெண்டு விதமா படிக்கலாம். ‘இவங்களுக்குக் கம்மி போதும்’ என்பது ஒண்ணு. ‘இவங்களுக்குக் காலங்காலமா கம்மிதான் கிடைச்சிருக்கு’ என்பது இன்னொண்ணு. எண் ஒண்ணுதான். எந்தப் பக்கம் படிக்கறோம்கிறதில் உயிர் போயிருக்கு. மேசன் அளக்கறதுக்கு அரை நூற்றாண்டு முன்னாடி, எதையுமே அளக்காம முதல் விதமா படிச்ச ஒரு அரசாங்கம் இருந்தது.

தாது வருஷம், அதாவது 1876-77. மழை பொய்த்து சென்னை மாகாணம் முழுக்கப் பஞ்சம். மதுரைப் பக்கம் குஞ்சரத்தம்மாள்னு ஒரு தாசி தன் சொத்தையெல்லாம் வித்துக் கஞ்சி ஊத்தினாங்கன்னு இன்னும் ஊரில் சொல்வாங்க. அரசாங்கம் நிவாரண வேலை கொடுத்தது: மண் வெட்டு, கல் உடை, கூலி வாங்கிக்கோ. சென்னையில் இருக்கறவங்க தினமும் தாண்டிப் போற பக்கிங்காம் கால்வாயில் கூவத்தையும் அடையாறையும் சேர்க்கிற துண்டு அப்படி வெட்டினதுதான்.

1877 ஜனவரியில் இந்திய அரசின் பிரதிநிதியா சர் ரிச்சர்ட் டெம்பிள் வந்தார். 1874இல் பீகார் பஞ்சத்தில் தாராளமா செலவழிச்சு நிறையப் பேரைக் காப்பாத்தினவர் அவர். அதுக்காகவே ‘ஊதாரி’ன்னு திட்டு வாங்கினவர். இந்த முறை அந்தப் பேர் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டார். வேலை செய்யற ஒரு ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் வாங்கற அளவு கூலி, மேல கொஞ்சம் சில்லறை. போதுமான்னு ‘சோதனை’ செஞ்சு பார்க்கலாம்னார். சரித்திரத்தில் இதுக்கு ‘டெம்பிள் கூலி’ன்னே பேர்.

எதிர்த்தவர் சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். அவர் மாகாணத்து மக்கள் என்ன சாப்பிடறாங்கன்னு 1860களிலேயே அறிக்கை போட்டவர். வேலை செய்யற உடம்புக்கு ஒன்றரை பவுண்டு தானியம், கூட பருப்பு, காய் வேணும்னார். ஒரு பவுண்டில் மனுஷன் மெதுவா கரைஞ்சு போவான், ஆனா அது உடனே கண்ணுக்குத் தெரியாதுங்கறதுதான் அவர் வாதத்தின் சாரம். கடிதப் போர் நடந்தது. சில மாசத்தில் சென்னை அரசு கூலியைக் கூட்டிடுச்சு. அதுக்குள்ள முகாம்களில் ஜனங்க ஈசல் மாதிரி விழுந்துட்டாங்க. அந்தப் பஞ்சத்தில் மொத்தமா போன உயிர்கள் பல லட்சம்.

நான் கணக்குப் போட்டேன். ஒரு பவுண்டு, 450 கிராம். அரிசியோ சோளமோ, நூறு கிராமுக்கு ஏறக்குறைய 350 கலோரி. மொத்தம் 1,575.

என் ஆப் கொடுத்தது 1,660.

அந்த எண்ணைப் பார்த்துட்டு கொஞ்ச நேரம் லேப்டாப்பை மூடி வச்சுட்டேன். கால்வாய் வெட்டினவனுக்கும், ஏசி ரூமில் ஸ்டாண்டப் மீட்டிங் பேசற எனக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு. எனக்கு அது எடைக் குறைப்பு, அவனுக்கு அது சாவு. வித்தியாசம் அவன் நாள் முழுக்கச் செஞ்ச வேலையிலும், எனக்கு இடுப்பைச் சுத்தி இருக்கிற சேமிப்பிலும் இருக்கு. 1944இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் 36 ஆண்களை ஆறு மாசம் அரைப் பட்டினி போட்டு ஆராய்ஞ்சார், அவங்க சம்மதத்தோட. அங்கே கொடுத்ததும் சராசரியா 1,600க்குப் பக்கம்தான். எடையில் நாலில் ஒரு பங்கு போச்சு, பிஎம்ஆர் சுமார் 40 சதவீதம் இறங்குச்சு. அவங்க எல்லாம் திடகாத்திரமா உள்ளே வந்த இளைஞர்கள், டெம்பிளின் முகாமுக்கு வந்தவங்க ஏற்கெனவே எலும்பும் தோலுமா வந்தவங்க.

இதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்தோட முடிஞ்சிடுச்சுன்னு நினைச்சா, இல்லை. 1980களில் அதே சண்டை சுதந்திர இந்தியாவில் திரும்ப வந்தது, இந்த முறை புள்ளியியல் வேஷத்தில். பி. வி. சுகாத்மே பெரிய புள்ளியியல் நிபுணர், ஐநா உணவு வேளாண்மை அமைப்பில் இருந்தவர். குறைவா சாப்பிட்டா உடம்பு தன் செலவைத் தானே சரி பண்ணிக்கும், அதனால் இந்தியாவில் பட்டினியில் இருக்கறவங்க எண்ணிக்கையை அதிகமா சொல்றோம்னார். டேவிட் செக்லர் என்கிற பொருளாதார அறிஞர் 1982இல் இன்னும் ஒரு படி மேல போய் ‘சின்னது, ஆனா ஆரோக்கியமானது’ன்னு பேரே வச்சுட்டார். பதில் சொன்னவர் நம்ம சேலத்தில் பிறந்த சி. கோபாலன். குன்னூரில் தொடங்கி ஹைதராபாத்துக்குப் போன தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் தலைவரா இருந்தவர். 1983இல் அவர் எழுதின கட்டுரையின் தலைப்பே குத்து: சின்னது ஆரோக்கியமா? ஏழைகளுக்குத்தான், பணக்காரர்களுக்கு இல்லை. உடம்பு சுருங்கிக்கிறது இலவசம் கிடையாது, வளர்ச்சியையும் வேலைத் திறனையும் கொடுத்துத்தான் சுருங்குதுன்னார். கார்னிஷ் நூறு வருஷம் கழிச்சு மறுபடி பேசின மாதிரி இருக்கும்.

எனக்கு இதில் சார்பு இருக்கு, மறைக்கலை. சுகாத்மே கெட்டவர் கிடையாது, அவர் கேட்டதும் நியாயமான கேள்விதான். ஆனா சராசரியை வச்சு ரேஷனைக் குறைக்கலாம்னு ஆரம்பிச்சா அது எங்கே போய் நிக்கும்னு தாது வருஷம் காட்டிடுச்சு.

விடை கொஞ்சம் தெளிவா வந்தது பெங்களூரில். செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் பிரகாஷ் ஷெட்டி, மரியோ சோரஸ் போன்றவங்க எடையை மட்டும் பார்க்காம, கொழுப்பைக் கழிச்சுட்டு மீதி உடம்பை வச்சு பிஎம்ஆரைக் கணக்கிட்டாங்க. அப்படிப் பார்த்தா அந்தப் பெரிய இடைவெளி பெரும்பாலும் காணாமப் போகுது. அதாவது இந்தியனின் ஒரு கிலோ ஈரலோ தசையோ சோம்பேறித்தனமா எரியலை. அந்தத் தசை அவன்கிட்ட கம்மி, அவ்வளவுதான். 2004இல் லான்செட்டில் ஒரு ஜாலியான பக்கம் வந்தது: புனே டாக்டர் யாஜ்னிக், லண்டன் டாக்டர் யுட்கின், ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ ஒரே 22.3. உடம்புக் கொழுப்பு? லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2.

சமன்பாடுகளின் பக்கமும் ஒரு பக் இருந்தது. 1985இல் உலக சுகாதார நிறுவனம் பயன்படுத்தின ஸ்கோஃபீல்ட் சமன்பாட்டின் தரவில் கிட்டத்தட்ட பாதி இத்தாலிக்காரங்க. அவங்க பிஎம்ஆர் மத்தவங்களைவிட உயர்ந்திருந்தது. டெஸ்ட் டேட்டா ஒரு பக்கம் சாய்ஞ்சிருந்தா மாடல் என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். இந்தியர்களுக்கு அது சுமார் 10 சதவீதம் கூட்டிச் சொல்லுதுன்னு பின்னாடி வந்த ஆய்வுகள் காட்டின.

இப்போ என் கணக்கைத் திருத்தினேன். 1,800இல் 10 சதவீதம் போனா 1,620. அதை 1.2ஆல் பெருக்கினா 1,944. நான் 1,660 சாப்பிட்டா பற்றாக்குறை 500 இல்லை, 284. ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறக்குறைய 7,700 கலோரி. வாரம் கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல, ஆறு வாரத்தில் ஒன்றரைக் கிலோ. வெயிங் மெஷின் சரியாத்தான் சொல்லியிருக்கு. நேர்மையா சொல்லணும்னா ஆபீஸில் யாரோ பிறந்த நாளுக்கு வெட்டின கேக்கை நான் ஆப்பில் போடலை. ஆகவே என் திருத்தமும் உத்தேசம்தான்.

ஐசிஎம்ஆர் பக்கமும் இது நடந்திருக்கு. 2010 பரிந்துரையில் உட்கார்ந்து வேலை செய்யும் 60 கிலோ ஆணுக்கு 2,320 கலோரி, 55 கிலோ பெண்ணுக்கு 1,900. 2020இல் ஆணின் எடையை 65 கிலோவா உயர்த்திட்டு எண்ணை 2,110ஆ குறைச்சுட்டாங்க. பெண்ணுக்கு 1,660. ஆமா, என் ஆப் எனக்குக் கொடுத்த அதே 1,660. அதாவது உட்கார்ந்து வேலை பார்க்கிற ஒரு சராசரி இந்தியப் பெண்ணுக்கு இது டயட் கிடையாது, எடை கூடாம குறையாம இருக்கிற சாப்பாடு. அண்ணன் தம்பி ஆப்பைப் பார்த்து அதே எண்ணை எடுத்துக்கிட்டு, ‘ஏன் எனக்குக் குறையவே மாட்டேங்குது’ன்னு தன்னையே திட்டிக்கிற தங்கச்சிங்க இதைக் கேட்டுக்கிட்டு இருந்தா, உங்க மன உறுதியில் தப்பு இல்லைம்மா.

‘முப்பது தாண்டினா மெட்டபாலிசம் படுத்துடும்’ என்கிறதையும் விட்டுடலாம். 2021இல் 29 நாடுகளில் 6,400க்கு மேற்பட்டவங்களை வச்சு வந்த ஆய்வில், உடம்பளவைக் கணக்கில் எடுத்தா 20 முதல் 60 வயசு வரை அது கிட்டத்தட்ட நேர்கோடு. முப்பதில் படுக்கிறது நம்ம நடை, நம்ம தசை. கிரீன் டீ, எலுமிச்சைத் தண்ணி பற்றி மெயில் போட்டவங்களுக்கு: அதுக்குத் தனி எபிசோடு தேவைப்படற அளவு விஷயம் இல்லை.

நான் இப்போ செய்யறது இதுதான். ஆப்பின் இலக்கை அணைச்சுட்டேன். மூணு வாரம் சாப்பிடறதை உள்ளபடி எழுதி, தினமும் காலையில் எடை பார்த்து, வாரச் சராசரி எடுத்தேன். எடை எந்தச் சாப்பாட்டில் அசையாம நிக்குதோ அதுதான் என் எண். 1,900க்குப் பக்கத்தில் வந்தது. இன்னும் கீழே இறங்கிச் சாப்பிட எனக்கு மனசில்லை, தசையும் சேர்ந்து போகும். போனா பிஎம்ஆரும் போகும். அதனால் பருப்பும் முட்டையும் கூடியிருக்கு, வாரத்தில் மூணு நாள் எடை தூக்கறேன்.

அப்பத்தாகிட்ட இந்தக் கதையெல்லாம் சொன்னேன், டெம்பிள், கார்னிஷ் எல்லாம் சேர்த்து. பொறுமையா கேட்டாங்க. "ஒரு பவுண்டுன்னா எத்தனை படி?"ன்னாங்க. அரிசிப் பானையிலிருந்து 450 கிராம் அளந்து முறத்தில் கொட்டிக் காட்டினேன். கையால அதைப் பரப்பிப் பார்த்துட்டு, "மண்ணு வெட்டினவனுக்கா?"ன்னு மட்டும் கேட்டாங்க.

அடுத்த எபிசோடில் குன்னூர் ஆய்வகத்தில் எலிகளுக்குச் சப்பாத்தியும் சோறும் போட்டுப் பார்த்த மெக்கரிசன் கதை. அது வரைக்கும், வணக்கம்.